கிணறு, திண்ணை, கொடிக்கம்பம்

சென்ற தை மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை அன்று, பிற்பகல் மூன்று மணிக்கு, கிணத்துக்கடவுக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளி வாசலில் போய் நின்றேன். கையில் ஒரு கட்டு வண்ண அட்டைகள் இருந்தன. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

வாசகர்கள் இந்த முதல் வாக்கியத்தைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 'மாதத்தில்', 'அன்று', 'மணிக்கு' என்று அதில் மூன்று சின்ன வால்கள் ஆடுகின்றன. விவரம் தெரிந்த நாள் முதல் நாம் அவற்றைத் தவறாக ஒட்டியதே இல்லை. யாரும் உட்கார்த்தி வைத்துக் கற்றுக்கொடுத்ததும் இல்லை. இதே வால்கள் இங்கிலீஷில் முன்பக்கம் போய் நின்றுகொண்டு இன், ஆன், அட் என்று பெயர் வைத்துக்கொள்ளும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. அந்தச் சங்கடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான்.

என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பேன், நாவல்கள், பத்திரிகைகள் எல்லாம் படிப்பேன். பேசமாட்டேன். வெளியூர் இலக்கியக் கூட்டங்களில் யாராவது இங்கிலீஷில் கேள்வி கேட்டால், தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டிவிடுவேன். நல்லவர்கள் உடனே வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். இப்படி எத்தனையோ ஊர்களில் தேவையில்லாமல் வெந்நீர் குடித்திருக்கிறேன்.

இதற்குக் காரணம் ஒரு திங்கட்கிழமை.

கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பட்டப் படிப்புக்குச் சேர்ந்த புதிது. இங்கிலீஷ் வகுப்பு. கட்டுரை நோட்டை எப்போது கொண்டுவருவாய் என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். "இன் மண்டே, சார்" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஊர் உனக்கு?"

"கிணத்துக்கடவுங்க, சார்."

"அதுதானே பார்த்தேன். கிணத்துக்கடவுக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் உள்ளே குதிக்கத் தோன்றுகிறது. மண்டே என்ன கிணறா, இன் என்று சொல்லிக்கொண்டு விழுவதற்கு?"

வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அழவேண்டி வந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்து நிதானமாக யோசித்தால், அது நல்ல ஹாஸ்யம் என்றே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு 'மண்டே' என்றே பெயராகிவிட்டது. ஹாஸ்டல் சமையற்காரர்கூட "மண்டேக்கு இன்னும் ரெண்டு இட்லி" என்பார். இரண்டாம் வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டேன். தோட்டத்துக் கிணறு வற்றிப்போய், அப்பா போர் போடக் கடன் வாங்கியதுதான் அதற்குக் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் கிணற்றில் தண்ணீர் இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

அங்கே தலைமை ஆசிரியை என் அக்கா. ஐந்து வகுப்புகளுக்குமாக மொத்தம் 23 குழந்தைகள். அக்காவையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எண்பதுக்குக் குறையாமல் இருந்தார்களாம். இப்போது காலையில் ஊருக்குள் வருகிற மஞ்சள் வண்டிகள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. என் மகளும் அப்படி ஒரு மஞ்சள் வண்டியில்தான் போகிறாள். தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் பெண்ணை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புகிறானே என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

முதல் நாள் ராத்திரி அக்கா போன் செய்தாள்.

"தம்பி, உங்கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நாளைக்கு நாலாம் வகுப்புக்கு அட்டை எழுதோணும். வந்து எழுதிக் குடுத்துட்டுப் போ. நேரம் சொல்ற இங்கிலீஷை வெளையாட்டா சொல்லிக் குடுக்கப் போறேன்."

"வெளையாடினா இங்கிலீஷ் வந்துருங்களாக்கா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"மனப்பாடம் பண்ணுனியே, உனக்கு வந்துருச்சா?" என்றாள் அக்கா.

நான் போனை வைத்துவிட்டேன்.

விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது அக்காவின் சொந்தக் கற்பனை மட்டும் அல்ல. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து, குழந்தைகள் எழுத்தையும் எண்ணையும் மறந்துபோன நிலையில், 2022 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகள். அடுத்த ஆண்டில் 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவரவர் நிலைப்படி பிரித்து, பாட்டும் ஆட்டமும் பொம்மையுமாகத் தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூன்றையும் சொல்லித் தரவேண்டும். அரும்பு என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. என்னை இங்கிலீஷில் யாராவது அரும்பு என்று சொல்லியிருந்தால், பூக்கும் வரையில் காத்திருக்கலாம் என்றாவது இருந்திருப்பேன்.

பள்ளி முற்றத்தில் மூன்று பொருள்கள் இருந்தன. தரையில் சுண்ணாம்பால் போட்ட பெரிய வட்டம். அதற்குப் பெயர் கிணறு. வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்டுத் திண்ணை. சற்றுத் தள்ளிக் கொடிக்கம்பம். கிணறு என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அக்காவுக்கு என் மண்டே கதை தெரியாது.

முதலில் இடங்களை வைத்து ஆட்டம் ஆரம்பமாயிற்று.

"கோயமுத்தூர்!" என்று அக்கா கூவினாள். அத்தனை பேரும் கிணற்றுக்குள் குதித்து, "இன் கோயமுத்தூர்!" என்றார்கள். ஊர் பெரியது, அதற்குள்ளே நாம் இருக்கிறோம்.

"பொன்மலை!" உடனே திண்ணைமேல் ஏறி, "ஆன் பொன்மலை!" வேலாயுதசுவாமி கோயிலுக்குப் படியேறிப் பழகிய கால்களுக்குத் திண்ணை எந்த மூலை?

"பஸ் ஸ்டாப்!" எல்லோரும் ஓடிப்போய்க் கொடிக்கம்பத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, "அட் த பஸ் ஸ்டாப்!" அது ஒரு புள்ளி. அதற்குள்ளே குதிக்கவும் முடியாது, மேலே ஏறவும் முடியாது. தொட்டுக்கொண்டு நிற்கலாம்.

இடங்கள் பழகியதும் அக்கா காலத்துக்கு மாறினாள். நான் எழுதிய அட்டைகளைக் குழந்தைகளின் சட்டையில் குத்திவிட்டாள். ஒருவன் ஜனவரி, ஒருத்தி 2017, ஒருவன் ஞாயிற்றுக்கிழமை, ஒருத்தி ஆறு மணி. விசில் ஊதியதும் அவரவர் வீட்டுக்கு ஓடவேண்டும். ஓடி நின்றால் மட்டும் போதாது. நின்ற இடத்தில் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும்.

மாதமும் வருஷமும் பெரியவை. அவை கிணற்றுக்குள் போயின. பல வருஷம் மூடிக்கிடந்த நம் போத்தனூர் - பொள்ளாச்சி ரயில் பாதை அகலப் பாதையாகித் திரும்பவும் திறந்தது 2017இல். அந்த அட்டைக்காரி அதைத்தான் சொன்னாள்: "த ட்ரெயின் கேம் இன் 2017." 1915இல் போட்ட பாதை அது. ஞாயிற்றுக்கிழமை திண்ணைமேல் ஏறி உட்கார்ந்து, "நோ ஸ்கூல் ஆன் சண்டே" என்று காலை ஆட்டினான். ஆறு மணி கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தேன். நாற்பது பக்க இலக்கணப் புத்தகத்தில் எனக்குப் புரியாத விஷயம் ஒரு முற்றத்தில் அடங்கிவிட்டது. காலத்தைத் தனியே கண்ணால் பார்க்க முடியாது; ஆகையால் மனிதன் அதற்கும் இடத்தின் சொல்லையே கடன் கொடுத்திருக்கிறான். இது வெள்ளைக்காரனுக்கு மட்டும் உள்ள புத்தி அல்ல. ஏழாம் வேற்றுமைக்குப் பொருள் சொல்ல வந்த தொல்காப்பியர், இடத்தையும் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்.

பிறகு வேடிக்கை ஆரம்பமாயிற்று. 'காலை' அட்டைக்காரன் கிணற்றில் இருந்தான். இன் த மார்னிங், சரிதான். 'திங்கட்கிழமை' திண்ணையில் இருந்தான். அக்கா, "திங்கட்கிழமை காலை! ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்குங்க!" என்றாள். ஒருவன் கிணற்றுக்கு இழுக்க, ஒருவன் திண்ணைக்கு இழுக்க, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. "கிழமைதான் ஜெயிக்கும்!" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். ஆன் மண்டே மார்னிங். இந்தச் சட்டத்தை அந்தப் பையன்கள் இனி மறக்கமாட்டார்கள். பொத்தானுக்காக வீட்டில் வாங்கப்போகும் வசவும் சேர்ந்து ஞாபகம் இருக்கும்.

'ராத்திரி' மட்டும் விவகாரம் பிடித்தது. காலை, மாலை எல்லாம் கிணற்றில் இருக்க, ராத்திரி தனியே போய்க் கம்பத்தைத் தொடவேண்டும், அட் நைட். ஏன் என்று ஒரு பையன் கேட்டான்.

"ராத்திரி கண்ணு தெரியாதில்ல சாமி? கம்பத்தைப் புடிச்சுட்டுத்தான் நிக்கோணும்" என்றாள் அக்கா.

குழந்தைகள் ஒப்புக்கொண்டார்கள். நான் மெல்ல அருகில் போய், "இதென்னங்கக்கா, இலக்கணத்துல இல்லாத காரணமா இருக்குது?" என்றேன்.

"நீ ராத்திரி எப்ப வருவேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"ராத்திரிக்கு வாறேன்னு சொல்லுவேன்."

"காலம்பற?"

"காலைல வாறேன்."

"பொங்கல்?"

"பொங்கலுக்கு வாறேன்."

"அவ்வளவுதான். 'க்கு' வந்தா அட், 'இல்' வந்தா இன், 'அன்று' வந்தா ஆன். முக்காவாசி அதுலயே போயிரும்" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதப் போய்விட்டாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆறு மணிக்கு, ராத்திரிக்கு, பொங்கலுக்கு: அட், அட், அட். காலையில், தையில், 2017இல்: இன், இன், இன். ஞாயிற்றுக்கிழமை அன்று: ஆன். அன்று, ஆன் என்று ஓசைகூட ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவு ஒன்றும் கிடையாது. எல்லா இடத்திலும் இது பொருந்தவும் பொருந்தாது. இருந்தாலும், அன்று அந்தக் கல்லூரி வகுப்பில் என் வாயிலேயே விடை இருந்திருக்கிறது. 'திங்கட்கிழமை அன்று கொண்டுவருகிறேன்' என்று தமிழில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் போதும்.

இந்த மாதிரி ஒரு பரீட்சை நம் பக்கத்தில் முன்பே பெரிய அளவில் நடந்திருக்கிறது. என். எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரையில் பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிக் குழந்தைகளை வைத்து நடத்தியது. இலக்கண விதியைச் சொல்லாமல், கடிகார முகத்தையும் மாதக் காலண்டரையும் ரயில் கால அட்டவணையையும் கையில் கொடுத்து, இந்த வேலைக்குப் போக எந்த ரயிலைப் பிடிப்பாய் என்று கேட்பார். குழந்தையின் கவனம் ரயிலைப் பிடிப்பதில் இருக்கும். இங்கிலீஷ் பின்னாலேயே வந்து சேரும். 1987இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். உலகத்தின் பல தேசங்களில் இங்கிலீஷ் வாத்தியார்கள் அதைப் படித்திருக்கிறார்கள். எனக்கு அது அக்கா வீட்டு அலமாரியில், பழைய நோட்டுகளுக்கு நடுவே அகப்பட்டது. அக்காவின் விளையாட்டில் விதி கொஞ்சம் கலந்திருக்கிறது. ஆனாலும் வேப்பமரத்தடியில் ஓடிய குழந்தைகளின் கவனம் கம்பத்தை யார் முதலில் தொடுவது என்பதில்தான் இருந்தது.

கடைசியாக ஓர் அட்டை மிச்சம் இருந்தது: 'டுமாரோ'. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமிக்கு அது கிடைத்தது. விசில் ஊதியதும் அவள் நேரே கம்பத்துக்கு ஓடினாள். 'நாளைக்கு' என்பதில் 'க்கு' இருக்கிறதே! எல்லோரும் "இல்லே, இல்லே" என்று கத்தினார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு திண்ணைக்கு ஓடினாள். நாளை என்பது ஒரு நாள்தானே? அதுவும் தப்பு. கிணற்றுக்குள் குதித்தாள். அதுவும் தப்பு. முற்றம் முழுதும் சிரிப்பு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என்னையறியாமல் கையை இறுக்கிக்கொண்டேன்.

அவளோ எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று இடத்திலும் தப்பு, மூச்சு வாங்குகிறது, சடை ஒன்று அவிழ்ந்துவிட்டது. நடு முற்றத்தில் வந்து நின்று கேட்டாள்:

"ஏனுங் டீச்சர், அப்ப நாளைக்கு ஊடே இல்லீங்களா?"

"அதுக்கு ஊடு வேண்டாங் கண்ணு" என்றாள் அக்கா. "நாளைக்குன்னு இன்னிக்குச் சொல்றம். விடிஞ்சா அதுவே இன்னிக்கு ஆயிருது. நடந்துட்டே இருக்கறதுக்கு எங்க ஊடு கட்டறது? நின்ன எடத்துலயே நில்லு. ஐ வில் கம் டுமாரோ. முன்னால ஒண்ணும் வேண்டாம்."

நேற்று, இன்று, அடுத்த வாரம், போன மாசம் எல்லாம் அவளோடு கைகோத்து நடு முற்றத்தில் நின்றன. வீடில்லாதவர்களின் கூட்டம் ஒரு கோஷ்டியாகிவிட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீயும் ஒரு அட்டை எடுத்துக்க."

"எனக்கெதுக்குங்கக்கா?"

"மாமா, மாமா!" என்று அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டார்கள். வேறு வழியில்லாமல் ஓர் அட்டையை உருவினேன். நானே காலையில் முத்து முத்தாக எழுதிய அட்டைதான். மண்டே.

வாசகர்கள் இதை நாவலாசிரியனின் ஜோடனை என்று நினைக்கலாம். ஏழு கிழமைகளில் ஒன்று வந்தே தீரவேண்டும். எனக்கு அது வந்தது. விசில் ஊதியது. எங்கே ஓடவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய மனிதன், ஏழெட்டு நாவல் எழுதியவன், நாலாம் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னால் வேர்த்துப்போய் நின்றேன். அப்போது ஒரு சின்னக் கை என் கையைப் பிடித்தது.

"திண்ணைக்கு வாங் மாமா. தப்பாயிட்டா இன்னொருக்கா ஓடிக்கலாம்" என்றாள் இரட்டைச் சடைக்காரி.

ஓடினேன். திண்ணைமேல் ஏறி நின்று சொன்னேன்: "வீ ப்ளே ஆன் மண்டே." குழந்தைகள் கை தட்டினார்கள். வேப்பமரத்தில் இருந்த இரண்டு காக்கைகள் பறந்து போயின. வெந்நீர் கேட்காமல் நான் இங்கிலீஷ் பேசியது இருபத்தைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சிறுமியின் தாய் வந்தாள். தக்காளி பறிக்கிற வேலை. விரல்களில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை கறுத்துப் போயிருந்தது. அக்காவைத் தனியே அழைத்துத் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"டீச்சர், வர்ற ஜூன்ல இவளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேத்தலாம்னு இருக்கறனுங். பணம் பொரட்டீட்டு இருக்கறனுங். உங்க மேல கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங். எங்களை மாதிரி வெயில்ல நிக்காம இருக்கோணுமில்லீங்?"

அக்கா தர்க்கம் செய்யவில்லை. சிறுமியைக் கூப்பிட்டு, "கண்ணு, அம்மா எப்ப வேலைக்குப் போறாங்கன்னு மாமாவுக்குச் சொல்லு" என்றாள்.

அவள் கொடிக்கம்பத்தை ஒரு பார்வை, வட்டத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "மை மதர் கோஸ் டு வொர்க் அட் சிக்ஸ் ஓ'கிளாக் இன் த மார்னிங்." நிறுத்தினாள். பிறகு யாரும் கேட்காமலே, "ஆன் சண்டே மை மதர் வாஷஸ் மை ஹேர்" என்றாள்.

"என்னுங் சொல்றா?" என்று தாய் என்னைக் கேட்டாள்.

"காலைல ஆறு மணிக்கு நீங்க வேலைக்குப் போறீங்களாம். ஞாயித்துக்கெழமை அன்னிக்கு அவளுக்குத் தலைக்கு ஊத்தி உடுவீங்களாம்."

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "ஐயோ, அதையெல்லாமா இங்கிலீஷ்ல சொல்றா?" என்றாள். சிரித்தாளா, கண் கலங்கினாளா என்று தெரியவில்லை.

இங்கேயே படிக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரையில் வந்தது. ஆனால் சாலையில் அப்போது ஒரு மஞ்சள் வண்டி போயிற்று. அதில் என் பெண் இருந்தாளோ, இல்லையோ. நான் பேசாமல் இருந்தேன்.

"பணத்துக்கு அவசரப்பட்டு வாக்குக் குடுத்தராதீங் அம்மிணி" என்று மட்டும் அக்கா சொன்னாள். "யோசிச்சுச் சொல்லுங்க."

"சரிங் டீச்சர். நாளைக்குச் சொல்றனுங்."

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போன சிறுமி வாசலில் திரும்பினாள்.

"மாமா, ஆன் மண்டே வருவீங்ளா?"

"யெஸ்" என்றேன். "ஆன் மண்டே."

போனேன்.